மொழி தெரிந்தபின் ஆள் தேடாதீர்கள்

(வெளிநாடு சென்று மொழி பயிலவிருக்கும் மாணவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பெரம்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: அயல்நாட்டுக்கு மொழி படிக்கப் போகிறவர் அங்கே மனிதர்களைச் சம்பாதிப்பது எப்படி? விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும், பி-1 மொழித் தேர்வில் எந்தப் பகுதி கடினம், இதையெல்லாம் சொல்ல இந்த ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். ஆனால் போய் இறங்கிய மறுநாள் யாரோடு பேசுவது என்று யார் சொல்கிறார்கள்? யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் பிள்ளைகள் போடும் கணக்கு எனக்குத் தெரியும். முதலில் இலக்கணத்தைத் தேற்றிக்கொள்வோம். பிறகு உச்சரிப்பைச் சரிசெய்வோம். தப்பில்லாமல் நாலு வாக்கியம் வந்தபின் அவர்களோடு பழகுவோம். இந்தக் கணக்கிலேயே ஒரு வருடம் போகிறது, இரண்டு வருடம் போகிறது. சான்றிதழ் கையில் இருக்கும், பக்கத்து அறைக்காரர் பெயர் தெரியாது. நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வரிசையை மாற்றுங்கள். ஆள் முதலில், மொழி பிறகு. ஆள் சேர்ந்தால் மொழி வந்தே தீரும். நம்முடைய இந்தக் கடற்கரை முந்நூறு ஆண்டுகளாகக் கண்ட உண்மை இது.

முந்நூறு ஆண்டுகளா என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

1706-ஆம் ஆண்டு ஜூலை 9. தரங்கம்பாடியில் ஒரு கப்பல் வந்து நிற்கிறது. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள் அதில் வந்திருக்கிறார்கள். ஒருவர் புளுட்சாவ், இன்னொருவர் சீகன்பால்கு. சீகன்பால்குவுக்கு வயது இருபத்துநான்கை ஒட்டி இருக்கும். இந்த அரங்கில் இருக்கும் பாதிப் பேரின் வயது. அந்த ஊரை ஆண்ட டேனியரின் கோட்டைத் தளபதிக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. ஐரோப்பியர் அந்த ஊரில் வியாபாரத்துக்குப் பேசியது போர்த்துகீசியம். தமிழ் கற்க அவர் கையில் ஒரு பாடப்புத்தகம் இல்லை, ஒரு வகுப்பு இல்லை, ஓர் அகராதி இல்லை.

அவர் என்ன செய்தார்? ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்தார். பள்ளிக்கூடத்தையே தாம் குடியிருந்த வீட்டுக்கு வரவழைத்தார். பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துப் போடுகிறார்கள். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர், ஓர் அரசரின் ஆணையோடு வந்தவர், அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். அவர்கள் போட்ட எழுத்தைப் பார்த்துப் பார்த்து மணலில் தாமும் போட்டார். பிள்ளைகள் கத்திச் சொன்னதை அவரும் கத்திச் சொன்னார்.

அந்த வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எழுபது வயதை எட்டிய ஒரு வாத்தியார். எழுத்துக் கூட்டும் சிறுவர்கள். இது தற்செயலா? நான் அப்படி நினைக்கவில்லை. எந்த ஊரிலும் அந்நியனுக்கு ஒதுக்க நேரம் உள்ளவர்கள் இரண்டு சாரார்தான். ஒருவர் முதியவர், மற்றவர் குழந்தை. நடுவயதுக்காரருக்கு வேலை இருக்கிறது, அவசரம் இருக்கிறது. உங்கள் திணறலைப் பார்த்ததும் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். முதியவர் தாவமாட்டார், அவருக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வராது. குழந்தை உங்கள் தப்பைப் பார்த்துச் சங்கடப்படாது. தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லும், சரியானதையும் உடனே சொல்லும்.

உங்களில் செவிலியர் படிப்புக்காக ஜெர்மனி போகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆஸ்பில்டுங் என்ற பெயரில் முதியோர் இல்லங்களில் பயிற்சி பெறப் போகிறீர்கள். அங்கே போனவர்கள் சொல்வார்கள், அந்தப் பாட்டிகள் பேசுவது புரியவில்லை, வட்டார வழக்கு, பல் இல்லாத வாய், எங்கள் பாடப்புத்தகத்தில் இப்படி இல்லை என்று. தங்கைகளே, அந்தப் பாட்டிகள்தாம் உங்கள் திண்ணைப் பள்ளி. ஒரு பாட்டிக்குத் தலைவாரிவிடும் பத்து நிமிடத்தில் அவர் தன் கணவரைப் பற்றிச் சொல்வார், போர்க்காலத்துப் பசியைப் பற்றிச் சொல்வார், நாளைக்கும் அதையே சொல்வார். மூன்றாம் முறை கேட்கும்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எந்த மொழிப் பள்ளியும் ஒரே கதையை இவ்வளவு அன்போடு திரும்பத் திரும்பச் சொல்லாது.

சீகன்பால்குவிடம் திரும்புவோம். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. அப்போதுதான் இந்தக் கதைக்குள் ஒரு தமிழர் வருகிறார். பெயர் அழகப்பன். ஐரோப்பியர் ஏட்டில் அவர் பெயர் அலெப்பா என்று பதிவாகியிருக்கிறது. போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் பேசிப் பழகிய துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். அவர் துணையோடு பொருள் விளங்கத் தொடங்கியது. அதன்பின் சீகன்பால்குவின் நாள் எப்படிப் போயிற்று தெரியுமா? பக்கத்தில் ஒரு புலவர், ஓர் எழுத்தர். புலவர் படிப்பார், விளக்குவார். எழுத்தர் எழுதிக்கொள்வார். பிறகு மீண்டும் அதே ஏடு. இந்த ஆண்டுகளில் ஜெர்மன் புத்தகமோ லத்தீன் புத்தகமோ நான் தொட்டதே அரிது என்று அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஊர் ஊராக ஆள் அனுப்பி, புலவர்களின் விதவை மனைவியரிடம் இருந்த ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708-இல் தம்மிடம் சேர்ந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே தயாரித்தார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள்!

அதற்கும் மேலே ஒரு காரியம் செய்தார். அதுதான் எனக்கு மிகப் பிடித்தது. 1712 முதல் 1714 வரை, அவரும் அவருடைய தோழர் குருண்ட்லரும் தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள். நீங்கள் எப்படித் திருமணம் செய்கிறீர்கள்? உங்கள் வைத்தியம் என்ன? ஐரோப்பியரைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எங்களிடம் நீங்கள் காணும் குறை என்ன? நூறை நெருங்கும் பதில் கடிதங்கள் வந்தன. அவற்றை ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார்கள், அங்கே அச்சாயின. அவற்றில் பெரும்பகுதியை எழுதியவர் அழகப்பனே என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். தன் நாட்டைப் பற்றிப் பெருமை பேசுவதற்கு முன், எங்களிடம் என்ன குறை என்று சீகன்பால்கு கேட்டாரே, அந்தக் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். உறவு அந்தக் கேள்வியில்தான் திறக்கிறது.

சீகன்பால்கு மதம் மாற்ற வந்தவர். அதை நான் மறைக்கவில்லை. நம் முன்னோரின் வழிபாடு தவறு என்று சொல்லத்தான் அவரைக் கப்பலேற்றினார்கள். ஆனால் மனிதர்களோடு பழகப் பழக அவர் எழுத்து மாறியது. 1713-இல் தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி முடித்தார். இந்த மக்களிடம் அறிவு இருக்கிறது, நீதி இருக்கிறது என்று தம் நாட்டாருக்கு எடுத்துச் சொன்னார். ஹாலேயில் இருந்த தலைவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நூலை அச்சிட மறுத்தார்கள். அது அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எங்கே அச்சேறியது? நம் சென்னையில்!

சரி, அழகப்பனுக்கு என்ன கிடைத்தது? வந்தவர்களுக்கு நெருக்கமாக இருந்ததற்காகவே அவருக்குத் தொல்லை வந்தது. தரங்கம்பாடியைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சீகன்பால்குவுக்குச் சிலை இருக்கிறது. அழகப்பனின் பெயர் இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த முதிய வாத்தியாரின் பெயரையாவது பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்களா? நண்பர்களே, இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். மொழி கற்றவரை உலகம் நினைக்கிறது, கற்றுக்கொடுத்தவரை மறக்கிறது. நீங்கள் அப்படி மறக்காதீர்கள். உங்களோடு முதன்முதலாகப் பொறுமையாகப் பேசிய அந்த அயலாரின் பெயரை எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்தும் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அனுப்புங்கள்.

இதே காலத்தில் நம்மவரும் ஜெர்மனிக்குப் போனார்கள். குடியான் என்ற தமிழ் இளைஞர் புளுட்சாவுடன் ஹாலே வரை போனார். மலையப்பன் என்ற இன்னொருவர் சீகன்பால்குவுடன் 1714-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். 1716-இல் ஹாலேயில் வெளியான தமிழ் இலக்கணத்துக்கு உதவியவர் அவர். ஆக, ஜெர்மனிக்குப் போகும் முதல் தலைமுறை நீங்கள்தான் என்று எண்ணாதீர்கள்.

நம் சென்னையிலும் இதே கதை நடந்தது. 1812-இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் முன்னின்று புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலைக்கு அதனால்தான் அந்தப் பெயர். இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரிகளுக்கு அங்கே தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனையோ பேர் படித்தார்கள், தேறினார்கள், பதவிக்குப் போனார்கள். யாரை நினைக்கிறோம்? புலவர்களோடு உட்கார்ந்து பேசிய எல்லிஸை நினைக்கிறோம். 1839-இல் பத்தொன்பது வயதில் சென்னைக்கு வந்து, இராமானுஜ கவிராயரிடம் பாடம் கேட்ட ஜி.யு. போப்பை நினைக்கிறோம். அவர் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 1886-இல். அந்தப் பத்தொன்பது வயதில் கிடைத்த ஆசிரியர் வாழ்நாள் முழுவதும் அவரோடு இருந்தார் என்றே சொல்வேன்.

வந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். இனி, போனவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாமா?

காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்திருக்கும் தம்பிகள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்து அந்தோனி இராஜேந்திரம் என்ற இளைஞர் 1956-இல் மோட்டார் சைக்கிளில் நார்வே நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழிலைக் கற்றார். அந்த ஊர் மக்களோடு கலந்தார். பிறகு அந்த மக்களின் உதவியைத் திரட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பி, 1967-இல் சீநோர் என்ற மீன்பிடித் தொழில் அமைப்பைத் தொடங்கினார். படகு கட்டினார்கள், வலை பின்னினார்கள். பலருக்குப் பிழைப்பு கிடைத்தது. ஒரே ஒரு மனிதர் அயல்நாட்டில் சம்பாதித்த உறவு இவ்வளவையும் செய்தது.

அவர் போட்ட பாதையில் மற்றவர்கள் போனார்கள். 1975-இல் நார்வே, வேலைக்கு வருபவர்களுக்குக் கதவைச் சாத்தியது. படிக்க வருபவர்களுக்கு ஒரு வழி திறந்திருந்தது. அங்கே மக்கள் உயர்பள்ளி என்று ஒரு வகைப் பள்ளி உண்டு. தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஒரு வருடம் எல்லாரும் ஒரே வளாகத்தில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக வேலை செய்து படிப்பது. டென்மார்க்கில் 1844-இல் பிறந்த முறை அது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு எத்தனையோ ஈழத்து இளைஞர்கள் அந்தப் பள்ளிகளில் மாணவர்களாகச் சேர்ந்துதான் நார்வேயில் கால் வைத்தார்கள். உயிருக்குத் தப்பிப் போனவர்கள் மொழி மாணவர்களாகப் போனார்கள்! வகுப்பறையில் கொஞ்சம், சாப்பாட்டு மேசையில் நிறைய என்று நார்வேஜியம் கற்றார்கள்.

அந்த வருடம் முடிந்தது. வேலை எங்கே? வடக்குக் கோடியில், ஃபின்மார்க் மாவட்டத்து மீன் பதனிடும் ஆலைகளில். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழவே எழாத ஊர்கள். உள்ளூர் இளைஞர்கள் தெற்கே பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். காட் மீனை முள் நீக்கி அறுக்கும் வேலையில் நம் பிள்ளைகள் நின்றார்கள். கொட்டும் பனியில் குடும்பங்கள் உண்டாயின, குழந்தைகள் பிறந்தன.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அன்னே சிக்ஃபிரிட் குரோன்செத் என்ற நார்வே நாட்டு மானிடவியலாளர் அந்த வடக்குத் துறைமுக ஊர் ஒன்றில் தமிழரோடு வாழ்ந்து ஆராய்ந்தார். என்ன கண்டார்? வேலை இருக்கிறது. வீடு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கெட்டவர் அல்லர். ஆனால் ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் இருந்தும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போகவில்லை. நம்மவர்கள் உடம்பு வலி, தலைவலி, களைப்பு என்று வைத்தியரிடம் போய்க்கொண்டே இருந்தார்கள். வைத்தியருக்கு நோய் பிடிபடவில்லை. வலியின் வேர் தனிமையில் இருந்தது. பலர் பிறகு ஆஸ்லோ நகருக்கு, மற்ற தமிழர்களுக்கு அருகே குடிபெயர்ந்தார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று? மனம் இல்லாமலா? இல்லை. நம் ஊரில் பழகும் முறை வேறு. நமக்கு வாசலில் நின்றால் போதும். குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த வீட்டுக்குள் போகலாம். வடக்கு ஐரோப்பாவில் வீடு என்பது அழைத்தால் மட்டும் போகிற இடம். அழைப்பு வராததால் நம்மை வெறுக்கிறார்கள் என்று நாம் எண்ணுகிறோம். இவர்கள் வராததால் தங்களோடு பழக விருப்பம் இல்லை என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இரண்டு பக்கமும் நல்லவர்கள், இரண்டு பக்கமும் காத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய வீண் உண்டா?

அப்படியானால் அவர்கள் எங்கேதான் கூடுகிறார்கள்? வேலையில் கூடுகிறார்கள், நண்பர்களே! நார்வேயில் டுக்னாட் என்று ஒரு வழக்கம். வசந்தம் வந்ததும் குடியிருப்பில் உள்ள எல்லாரும் ஒரு நாள் இறங்கி, குப்பை வாரி, வேலி சரிசெய்து, வண்ணம் அடிப்பார்கள். முடிந்ததும் காபியும் கேக்கும். அந்த நாளில் கையில் துடைப்பத்தோடு நிற்பவர்தான் அக்கம்பக்கத்தார். ஜெர்மனியில் ஃபெராயின், அதாவது பதிவுபெற்ற சங்கம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் அந்த நாட்டில் இருக்கின்றன. பாட்டுக்கு ஒன்று, சதுரங்கத்துக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. தீயணைப்புப் படையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஊர்களில் சம்பளம் இல்லாத தொண்டர்கள்தாம் தீயை அணைக்கிறார்கள். சுமார் பத்து லட்சம் பேர்.

நான் ஜெர்மனியில் மாணவனாக இருந்த காலத்தில், விடுதியில் எங்களுக்குப் பொதுச் சமையலறை. எந்த வாரம் யார் துப்புரவு என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பக்கத்து அறையில் இருந்தவர் ஒரு கிராமத்துப் பிள்ளை, பொறியியல் மாணவர். அவருக்குத் தேர்வு வந்த வாரம் அவர் முறையை நான் எடுத்துக்கொண்டேன், அடுப்பைத் துடைத்தேன், குப்பையை மூன்று நிறத் தொட்டிகளில் பிரித்துப் போட்டேன். அவ்வளவுதான். தேர்வு முடிந்ததும் தன் ஊர்த் தீயணைப்புப் படையின் விழாவுக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே அவருடைய பெரியம்மா என் கையில் ஒரு சிறு கத்தியைக் கொடுத்து, ஒரு வாளி உருளைக்கிழங்கைக் காலடியில் வைத்தார். அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் தோல் தடிமனாகச் சீவினால் என் கையைப் பிடித்து நிறுத்துவார். சரியாகச் சீவினால் தலையாட்டுவார். வாளி காலியானபோது நாங்கள் உறவினர் ஆகிவிட்டோம். கத்தி, தோல், வாளி, உப்பு, போதும், இன்னும் கொஞ்சம் ஆகிய சொற்களை அன்றைக்குப் பிறகு நான் அகராதியில் தேடியதே இல்லை.

பெரம்பூருக்கு இது புதிய பாடம் அல்ல. இதே பேட்டையில், 1918-இல், பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகளுக்காக ஒரு மனிதர் வந்து நின்றார். பி.பி. வாடியா. பம்பாய்ப் பார்சி. தமிழ் அவர் தாய்மொழி அல்ல, ஆங்கிலத்தில்தான் பேசினார். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் இங்கே பக்திச் சொற்பொழிவுக்காக ஒரு சபை நடத்திவந்தார்கள். அங்கே வந்த தொழிலாளிகள் சொன்னார்கள், அரை மணி நேரத்தில் ஓடிப்போய்ச் சோறு தின்றுவிட்டு ஓடிவர வேண்டியிருக்கிறது என்று. அந்தக் குறையைத்தான் அவர்கள் வாடியாவிடம் கொண்டுபோனார்கள். மொழி தடையாக நின்றதா? அவர் தொழிலாளிகள் பக்கம் நின்றார், அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஆட்கள் தாமாக நின்றார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதில் பாடுபட்டார். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கம் நம் தெருவில் எழுதப்பட்டது.

ரயில் பெட்டி செய்யும் நம் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை நினையுங்கள். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்தார். தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது? சுவிட்சர்லாந்தில், ஜூரிக் அருகே ஷ்லீரன் என்ற ஊரிலிருந்து. சுவிஸ் வல்லுநர்கள் இங்கே வந்தார்கள், நம்மவர்கள் அங்கே போய்ப் பயின்றார்கள். ஒரு ரயில் பெட்டியின் சட்டத்தைப் பொருத்தும்போது இலக்கணம் பார்த்தா பேசியிருப்பார்கள்? கண்ணெதிரே இரும்பு இருந்தது, கையில் வேலை இருந்தது. ஐ.சி.எஃப். குடும்பத்துப் பிள்ளைகள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

வடசென்னைப் பிள்ளை கையில் என்ன எடுத்துக்கொண்டு போவது? நிறைய இருக்கிறது. வியாசர்பாடித் தம்பிகளுக்குக் கால்பந்து தெரியும். ஜெர்மனியில் சுமார் 24,000 கால்பந்துக் கழகங்கள் இருக்கின்றன. பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை, சிற்றூர்க் கழகத்தின் மூன்றாம் அணிக்கு எப்போதும் ஒரு ஆள் குறையும். பயிற்சி நாளன்று போய் நில்லுங்கள். பாஸ் போடு, விடு, பின்னால் பார் என்று கத்துவார்கள், நீங்களும் கத்துவீர்கள். அடுத்து, கேரம். உலகக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் உருவானதே சென்னையில்தான். வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனவர். 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கேரம் கழகங்கள் இருக்கின்றன. கேரம் பலகை முன்னால் உட்கார்ந்தால் வடசென்னைப் பிள்ளையை அவர்கள் தேடி வருவார்கள். அங்கே நீங்கள் வாத்தியார், அவர்கள் மாணவர்கள். வாத்தியாராக இருக்கும்போது நாக்கின் கூச்சம் போய்விடுகிறது. லூர்து மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிய தங்கைகளே, அங்கே ஊருக்கு ஊர் பாடகர் குழு உண்டு. பாட்டில் யாரும் உங்கள் உச்சரிப்பைத் தனியாகக் கேட்கமாட்டார்கள்.

அப்படியானால் தமிழர்களோடு சேரக்கூடாதா? சேருங்கள், தாராளமாகச் சேருங்கள். காய்ச்சலில் கிடக்கும்போது ரசம் வைத்துத் தருபவர் வேண்டும். ஃபின்மார்க்கில் நம்மவர்களைக் காப்பாற்றியதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் காலையில் தமிழ் வாட்ஸ்அப், மதியம் தமிழ் நண்பர்கள், இரவு தமிழ்ப் படம் என்று நாள் முழுவதும் கழிந்தால், நீங்கள் ஜெர்மனியில் வாடகை கொடுத்துக்கொண்டு பெரம்பூரில் வாழ்கிறீர்கள் என்றுதான் பொருள்.

இப்போது தாய்மார்களிடம் ஒரு விண்ணப்பம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நமக்கும் ஜெர்மனிக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் வித்தியாசம். நீங்கள் சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, ராத்திரி பத்து மணிக்கு நிம்மதியாக உட்கார்ந்து வீடியோ காலில் பிள்ளையைக் கூப்பிடுகிறீர்கள். அங்கே அப்போது மணி என்ன? மாலை ஐந்தரை, ஆறரை. கால்பந்துப் பயிற்சி தொடங்கும் நேரம். பாடகர் குழு கூடும் நேரம். சக மாணவர் கதவைத் தட்டி, வருகிறாயா என்று கேட்கும் நேரம். அம்மா லைனில் இருக்கிறாள் என்று பிள்ளை கையசைத்து அனுப்பிவிடுகிறது. இரண்டு முறை தட்டியவர் மூன்றாம் முறை தட்டமாட்டார். தாயே, அந்த மாலையைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள், மணிக்கணக்கில் பேசுங்கள். அங்கே ஞாயிறன்று கடை இல்லை, சத்தம் இல்லை, அன்றைக்குத்தான் பிள்ளைக்கு உங்கள் குரல் வேண்டும்.

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் கப்பலேறியோ உயிர் தப்பியோ போகவில்லை. விமானத்தில் போகிறீர்கள், கையில் போன் இருக்கிறது, சொன்னதை நொடியில் மொழிபெயர்க்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. மருந்துக்கடையில் பயன்படுத்துங்கள், அரசு அலுவலகத்தில் பயன்படுத்துங்கள். ஆனால் உருளைக்கிழங்கு வாளிக்கு முன்னால் அதைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அங்கே உங்கள் திணறல் வேண்டும். திணறுகிறவருக்குத்தான் மனிதர்கள் உதவிக்கு வருவார்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் போவதற்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டிய ஒரு பயிற்சியைச் சொல்கிறேன், இதற்குக் கட்டணம் கிடையாது. நம் பெரம்பூரில் மண்ணுக்கடியில் மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது. பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். டீக்கடையில், சலூனில், கட்டட வேலையில் எங்கும் இருக்கிறார்கள். அண்ணா, எவ்ளோ என்று கேட்கும் அளவுக்குத் தமிழ் கற்றிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம்? நமக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்குத் தாவுகிறோம், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். நாளைக்கு ஜெர்மனியில் இது உங்களுக்கு நடந்தால் உங்கள் நெஞ்சு எரியுமே, அதையே இங்கே நாம் அவர்களுக்குச் செய்கிறோம்.

இந்த வாரமே ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். தமிழில் பேசுங்கள், நிதானமாகப் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், எங்களிடம் என்ன குறை என்றும் கேளுங்கள். மறுநாளும் போங்கள். அவருக்கு நீங்கள் அழகப்பனாக இருங்கள். அதைச் செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

போய்வாருங்கள்.